சி.எஸ்.இ எடுத்தது தப்பா? நாமக்கல் வீடுகளில் கேட்கும் கேள்வி!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 10 மணிக்கு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கீங்களா? பெங்களூரு பஸ் நிற்கும் பக்கம் போனால் ஒரே மாதிரி ஆட்கள். முதுகில் லேப்டாப் பேக், கையில் அம்மா கட்டிக்கொடுத்த டப்பா, காதில் இயர்போன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, விடியும் முன்னே சில்க் போர்டில் இறங்கி, ரூமில் ரெண்டு மணி நேரம் தூங்கி, 9 மணிக்கு லாகின் பண்ணணும். வருஷக்கணக்கா நம்ம ஊர்ப் பக்கம் வாராவாரம் நடக்கிற காட்சி இது.

இந்தப் பொங்கல் லீவு முடிந்து, அதே இடத்தில் என் பெரியப்பா மகனை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். அண்ணனுக்கு 36 வயசு. ஐ.டி-யில் 14 வருஷம். பேரும் கம்பெனி பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் பார்க்கும் புராஜெக்ட் மார்ச்சில் முடிகிறது. அடுத்து என்ன என்று அவருக்கே தெரியாது. ஓசூரில் வாங்கிய ஃபிளாட்டுக்கு இன்னும் 11 வருஷம் இ.எம்.ஐ பாக்கி.

ஆனால் லீவு முழுக்க வீட்டில் ஓடிய பேச்சு அவரைப் பற்றியது இல்லை. புதுச்சத்திரம் பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு கோழி ஷெட் இருக்கிறது. சித்தப்பா மகன் இப்போது சி.எஸ்.இ ஃபைனல் இயர். கல்விக்கடன் 4 லட்சம், சித்தப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் அண்ணனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "இவனை கம்ப்யூட்டர்ல சேர்த்துவிட்டது தப்பா கண்ணு?"

உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்திருக்கும். வரலைன்னா சீக்கிரம் வரும். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இந்த ரூட்டைப் போட்டது யார்?

அண்ணன் பிளஸ் டூ முடித்தது 2007-ல். தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்ட வருஷம் அது. அதற்குப் பிறகு பிளஸ் டூ மார்க்தான் எல்லாமே. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவைத் திறந்தது. கூடவே, மார்க் எடுக்க வைக்கிற தொழிலுக்கும் தீனி போட்டது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளுக்கு தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். காலை 5 மணிக்கு ஸ்டடி, ராத்திரி 10 மணிக்கு டெஸ்ட். பல இடங்களில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, ரெண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டினார்கள். 'பிராய்லர் கோழிப் பள்ளி' என்ற பேர் அப்படித்தான் வந்தது. நம்ம மாவட்டத்துக்கு வேறு எந்தக் கிண்டல் இதைவிடப் பொருத்தமாக இருந்திருக்க முடியும்?

2017-ல் அரசு இதில் கை வைத்தது. மாநில ரேங்க் பட்டியல் அறிவிப்பது நின்றது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை மறுபடி எடுத்துவிட்டது.

பள்ளிக்கு அடுத்து காலேஜ். சேலம் கருப்பூரில் 1966-ல் ஆரம்பித்த அரசு பொறியியல் கல்லூரி ஒன்றுதான் முன்பு பேச்சில் அடிபடும். பிறகு சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் ரோடுகளில் காலேஜ் பஸ்கள் வரிசை கட்ட ஆரம்பித்தன. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. தறி ஓட்டுபவர், லாரி டிரைவர், ரிக் வண்டியில் போகிறவர் வீட்டிலிருந்தெல்லாம் இன்ஜினீயர்கள் வந்தார்கள். இந்தச் சமவெளி முப்பது வருஷத்தில் செய்த பெரிய காரியம் இது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. நானே அந்தக் காலேஜ் பஸ்களைப் பார்த்து வளர்ந்தவள்தான்.

ரூட்டின் கடைசி ஸ்டாப், ஐ.டி சர்வீஸ் கம்பெனி. அண்ணன் படித்தது மெக்கானிக்கல். வேலை கிடைத்தது சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில். எந்த பிராஞ்ச் என்று கம்பெனி பார்க்கவில்லை. மூணு மாசம் டிரெய்னிங் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

கம்பெனி எதை விற்றது?

இங்கேதான் விஷயம். பெரிய ஐ.டி சர்வீஸ் கம்பெனிகள் பெரும்பாலும் விற்றது சாஃப்ட்வேரை இல்லை, ஆட்களின் நேரத்தை. அமெரிக்காவில் இருக்கும் ஒரு பேங்குக்கு இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று பில் போடுவார்கள். மேலே ஒருத்தர், நடுவில் நாலு பேர், கீழே குறைந்த சம்பளத்துக்கு இருபது ஃபிரெஷர்கள். இதை பிரமிடு என்பார்கள். கீழ்த்தட்டு எவ்வளவு அகலமோ, லாபம் அவ்வளவு. ஃபிரெஷர் சம்பளம் பத்து வருஷத்துக்கும் மேலாக ஆண்டுக்கு 3, 3.5 லட்சத்திலேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு நடுவில் பெட்ரோல் விலை, ரூம் வாடகை எல்லாம் எங்கே போயிடுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

கீழ்த்தட்டில் என்ன வேலை? யாரோ எழுதிக் கொடுத்த டெஸ்ட் கேஸை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பது. ஏற்கெனவே இருக்கும் கோடில் சின்ன மாற்றம் செய்வது. டிக்கெட் வந்தால் மூடுவது, ரிப்போர்ட் எடுப்பது. அண்ணன் இதைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது.

"ஸ்கூல்ல பாடத்தை மனப்பாடம் பண்ணேன். கம்பெனில டெஸ்ட் கேஸ் ஓட்டினேன். ரெண்டுலயும் யாரோ எழுதிக் கொடுத்ததைத் தப்பில்லாம திரும்பச் செய்யறதுதான் என் திறமைன்னு நெனச்சிட்டிருந்தேன் பாப்பா. இப்ப அதைத்தான் மெஷின் நல்லாப் பண்ணுது."

மூணு வருஷம் முன்பு அவர் டீமில் 22 பேர். இப்போது 9. போன எல்லாரையும் வெளியே அனுப்பவில்லை. சிலர் வேறு புராஜெக்ட்டுக்குப் போனார்கள், சிலர் தாங்களே வேலையை விட்டார்கள், சிலரிடம் ராஜினாமா எழுதிக் கேட்டார்கள். ஆனால், ரெண்டு வருஷமாக டீமுக்கு ஒரு ஃபிரெஷர்கூட வரவில்லை. "2011-ல என்னை எடுத்த மாதிரி இப்ப ஒருத்தனை எடுக்கச் சொன்னா, எந்த வேலையைக் கொடுத்து எடுக்கறது?" என்கிறார்.

எல்லாப் பழியும் ஏ.ஐ மேலேயா?

இல்லை. இதில் உஷாராக இருக்கணும். கொரோனா காலத்தில் உலகமே ஆன்லைனுக்கு ஓடியபோது கம்பெனிகள் அள்ளி அள்ளி ஆள் எடுத்தன. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ் மட்டும் சுமார் 1 லட்சம் ஃபிரெஷர்களையும், இன்ஃபோசிஸ் சுமார் 85,000 பேரையும் சேர்த்தன. பிறகு அமெரிக்காவில் வட்டி ஏறியது, கிளையன்ட்கள் செலவைச் சுருக்கினார்கள். 2022-ல் ஆஃபர் லெட்டர் வாங்கிவிட்டு 2024 வரை வீட்டில் காத்திருந்த பிள்ளைகள் உண்டு. 2023-24-ல் டி.சி.எஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து மொத்த ஊழியர் எண்ணிக்கை சுமார் 64,000 குறைந்தது. சாட்ஜிபிடி வெளியானதே 2022 நவம்பர் 30-ல்தான். அந்தச் சரிவில் ஏ.ஐ-யின் பங்கு குறைவு, பழைய கணக்கின் பங்கு அதிகம்.

அடுத்து 2025. ஜூலையில் டி.சி.எஸ் தன் ஊழியர்களில் 2 சதவிகிதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை விடுவிப்பதாகச் சொன்னது. பெரும்பாலும் நடுத்தட்டிலும் மேல்தட்டிலும் இருப்பவர்கள். அதன் தலைமைச் செயல் அதிகாரி கிருதிவாசன், கோவையில் இன்ஜினீயரிங் படித்தவர். இதற்குக் காரணம் ஏ.ஐ இல்லை, திறமைக்கும் தேவைக்கும் பொருந்தவில்லை என்றார். ஜூனில் 6.13 லட்சமாக இருந்த டி.சி.எஸ் ஊழியர் எண்ணிக்கை செப்டம்பர் முடிவில் 6 லட்சத்துக்குக் கீழே வந்தது. அதே கம்பெனி, ஒருவர் வருஷத்துக்கு 225 நாள் பில் ஆகும் வேலையில் இருக்கணும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் கூடாது என்றும் விதி போட்டது. ஒரு காலத்தில் பெஞ்ச் என்றால் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளும் இடம். இப்போது தலைக்கு மேல் ஓடும் கடிகாரம்.

அதே செப்டம்பரில் அமெரிக்கா, புது ஹெச்-1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. 'ஆன்சைட்' கனவுக்கு விழுந்த அடி அது.

இளைஞர்களை ஏ.ஐ எப்படித் தொடுகிறது என்பதற்கு ஒரு நல்ல ஆதாரம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்ட்டில் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை வைத்துப் பார்த்தார்கள். ஏ.ஐ அதிகம் புகுந்த வேலைகளில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவிகிதம் சரிந்திருந்தது. அதே வேலைகளில் வயதும் அனுபவமும் கூடியவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அது அமெரிக்கக் கணக்கு, அப்படியே சேலத்துக்குப் பொருத்த முடியாது. ஆனால், எந்தப் படி முதலில் உடைகிறது என்று காட்டுகிறது. முதல் படி.

இன்னொரு பக்கமும் சொல்லணும். நாஸ்காம் கணக்குப்படி 2024-25-ல் இந்தியாவின் ஐ.டி துறை வருமானம் சுமார் 28,300 கோடி டாலர், வேலை பார்ப்பவர்கள் சுமார் 58 லட்சம் பேர். வெளிநாட்டு கம்பெனிகள் இங்கே நேரடியாக நடத்தும் 1,700-க்கும் மேற்பட்ட மையங்களில் 19 லட்சம் பேர் இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் சேலத்திலேயே மினி டைடல் பார்க் திறந்தாச்சு. துறை சாகவில்லை. அதற்குள் நுழையும் வாசல்தான் இடம் மாறுகிறது. வாசல் இருந்த பழைய இடத்திலேயே நாம் இன்னும் வரிசையில் நிற்கிறோம். 2024-25-லிருந்து ஒரு பிராஞ்சில் இத்தனை சீட்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ எடுத்துவிட்டது. அதனால் வசதி உள்ள காலேஜ்கள் கம்ப்யூட்டர் சீட்டைக் கூட்டிக்கொண்டே போகின்றன. கடைசி ஸ்டாப்பில் இடம் குறையும்போது ஆரம்ப ஸ்டாப்பில் டிக்கெட் அதிகம் விற்கிறார்கள்.

ஷெட்டில் நடந்த பரீட்சை

பொங்கலுக்கு மறுநாள். தம்பி தன் ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் காட்டினான். கோழிப்பண்ணைக்கு ஒரு ஆப். தினமும் முட்டை எண்ணிக்கை, தீவனம் போட்டால் கிராஃப் வருது, அலர்ட் வருது. பார்க்க அட்டகாசம். எத்தனை நாளில் செய்தாய் என்று கேட்டேன். "ரெண்டு ராத்திரிக்கா, ஏ.ஐ-ல அடிச்சேன்" என்றான். என்ன வேணும்னு பேச்சுவழக்கில் சொன்னால் ஏ.ஐ கோடு எழுதித் தருவதற்கு 'வைப் கோடிங்' என்று பேர். காலின்ஸ் அகராதி 2025-ன் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததே அதைத்தான்.

ஆப்பில் ஒரு அலர்ட் சிவப்பாக மின்னியது. 'உற்பத்தி 86.4 சதவிகிதம். தீவனத்தைச் சரிபாருங்கள்.'

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "எப்படிடா 86? 90 நிக்குதே" என்றார்.

தம்பி கணக்கைக் காட்டினான். 5,000 கோழி, 4,320 முட்டை. வகுத்தால் 86.4 சரிதான்.

"செத்ததைக் கழிச்சியா?"

தம்பி முழித்தான். ஷெட்டில் விட்டது 5,000. இதுவரை செத்தது 200. உயிரோடு இருப்பது 4,800. அதில் 4,320 முட்டை என்றால் சரியாக 90 சதவிகிதம். உயிரோடு இருக்கிற கோழியைத்தான் கணக்கில் எடுக்கணும் என்பது பண்ணையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் ஏ.ஐ-யிடம் சொல்லவில்லை, ஏ.ஐ-யும் கேட்கவில்லை. அந்த அலர்ட்டை நம்பித் தீவனத்தை மாற்றியிருந்தால் நஷ்டம் சித்தப்பாவுக்கு.

அண்ணன் லேப்டாப்பை வாங்கி, "இந்தக் கணக்கு எந்த இடத்துல நடக்குது, காட்டு" என்றார். தம்பியால் உடனே காட்ட முடியவில்லை. அவன் செய்த ஆப்தான், ஆனால் அதற்குள் அவனுக்கே வழி தெரியவில்லை.

இது ஃபைனல் இயர் பையனின் பிரச்னை மட்டும் இல்லை. மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனையின் முடிவைச் சொன்னது. அனுபவம் உள்ள 16 டெவலப்பர்கள், தங்களுக்கு நன்றாகப் பழகிய புராஜெக்ட்களில் ஏ.ஐ-யோடும் ஏ.ஐ இல்லாமலும் வேலை செய்தார்கள். ஏ.ஐ-யால் 20 சதவிகிதம் வேகமானோம் என்று அவர்கள் நினைத்தார்கள். கடிகாரம் சொன்னது, 19 சதவிகிதம் அதிக நேரம் ஆனது என்று. அது சின்னச் சோதனை, கருவிகளும் மாதாமாதம் மாறுகின்றன. ஆனாலும் 'முடிஞ்சிடுச்சு' என்ற நினைப்பும் முடிந்த வேலையும் வேற வேற என்பதை அந்த ஷெட்டில் நாங்களும் பார்த்தோம்.

சரி, நான் என்ன செய்யணும்?

'ஸ்கில்லை வளர்த்துக்கோ' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்லை. அது எல்லாச் சுமையையும் உங்கள் தலையில் மட்டும் வைக்கிற பேச்சு. ஆனாலும் நம் கையில் இருப்பதை முதலில் பார்ப்போம்.

ஏ.ஐ-யை ஒதுக்காதீங்க, ஆனால் அது எழுதிய ஒவ்வொரு பகுதியையும் உங்களால் வாய் திறந்து விளக்க முடியணும். முடியாததை உங்க புராஜெக்ட் என்று ரெஸ்யூமேயில் போடாதீங்க. இன்டர்வியூவில் அண்ணன் இப்போது கேட்பதே ஒரே கேள்விதானாம்: "இது எங்கே தப்பாகும்?"

ஒரு தொழிலை உள்ளே புகுந்து தெரிஞ்சுக்கோங்க. நம்மைச் சுற்றி முட்டை, லாரி பாடி, ரிக், ஜவ்வரிசி, தறி, வெள்ளிக் கொலுசு என்று இத்தனை தொழில் இருக்கு. அப்பாவின் தொழிலை மறைக்கச் சொல்லித்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள். அதில் உங்களுக்குத் தெரிந்த ஒரு விவரம், சிலிக்கான் வேலியில் இருப்பவருக்குத் தெரியாது.

கடன் வாங்கியிருந்தால் தேதியைப் பாருங்க. வங்கிகளின் மாதிரித் திட்டப்படி படிப்புக் காலமும் கூட ஒரு வருஷமும்தான் அவகாசம். வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அதற்குப் பிறகு தவணை ஆரம்பிக்கும். முன்கூட்டியே வங்கியில் பேசினால் வழி உண்டு. தவணை தவறிய பிறகு பேசினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கியிருக்கும்.

ஏற்கெனவே வேலையில் இருக்கீங்களா? ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னால் அன்றே கையெழுத்துப் போடாதீங்க. ராஜினாமா வேறு, ஆட்குறைப்பு வேறு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளருக்கு மறுதிறன் நிதியாக 15 நாள் சம்பளம் உண்டு. ராஜினாமா என்றால் அந்தப் பேச்சே இல்லை. மேலாளர் பதவியில் இருப்பவர்கள் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருவது கஷ்டம், அதனால் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஐ.டி ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. இது நிறைய பேருக்கு இன்னும் தெரியாது.

மிச்சம் நம் கையில் இல்லை. சீட்டைக் கூட்டும் காலேஜ், பாடத்தையும் மாற்றணும். கடைசி வருஷப் பிள்ளையை ஒரு செமஸ்டராவது நிஜமான பண்ணையிலும் பட்டறையிலும் உட்கார வைக்கணும். கம்பெனிகளும் யோசிக்கணும். இன்று ஃபிரெஷரை எடுக்கவில்லை என்றால், பத்து வருஷம் கழித்து ஏ.ஐ-யின் தப்பைக் கண்டுபிடிக்கும் சீனியர் எங்கிருந்து வருவார்? குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் கைத்தறி போய் விசைத்தறி வந்ததைப் பார்த்த ஊர் இது. தறியின் வேகம் கூடியது, தறி ஓட்டியவரின் கூலி அதே வேகத்தில் கூடியதா என்று அந்த வீடுகளில் கேட்டுப் பாருங்க. மெஷின் வந்தால் லாபம் யாருக்குப் போகும் என்பதை மெஷின் முடிவு செய்வதில்லை.

சித்தப்பாவுக்குப் பதில்

கடைசியில் அண்ணன் சித்தப்பாவிடம் சொன்னது இதுதான்: "தப்புன்னு சொல்லமாட்டனுங்க சித்தப்பா. ஆனா நான் போன வழில அவன் போக முடியாது. மூணு மாசம் டிரெய்னிங் கொடுத்து உட்கார வைக்க இப்ப யாரும் இல்ல. அவன் உட்கார்ந்து கத்துக்கற இடம் ஒண்ணு வேணும்." சித்தப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தம்பியை எழுப்பி ஷெட்டுக்குக் கூட்டிப்போனார்.

ஞாயிறு ராத்திரி பஸ் கிளம்பியபோது அண்ணன் ஜன்னல் வழியாகக் கை காட்டினார். மார்ச்சுக்குப் பிறகு அந்த பஸ்ஸில் அவர் போவாரா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை 6 மணிக்கு ஃபேமிலி குரூப்பில் தம்பியின் மெசேஜ் வந்திருந்தது: "அண்ணா, உடைஞ்ச முட்டையையும் ஆப் கணக்குல எடுக்கல. அந்த இடத்தை நானே கண்டுபிடிச்சு மாத்திட்டேன்."